புழுவைத் தொடாத தேன்

இன்று பட்டம் பெறும் செல்வங்களே, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உணவு பதப்படுத்தும் துறையில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி நீலகிரியில், தேன் எடுக்கும் குறும்பர், இருளர் குடும்பங்களோடு கழிந்தது. மலைத்தேனீ பாறை விளிம்பிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒரே ஓர் அடை கட்டும். தேன் மேலே ஒரு பக்கமாகத் திரண்டு தடித்திருக்கும். மீதி இடத்தில் முட்டையும் புழுவும். அடை முழுவதையும் அறுத்துப் பிழிந்தால் புழுச்சாறு கலந்து ஈரம் கூடி, தேன் கலங்கிவிடும். சீக்கிரமே நுரைத்துப் புளிக்கும். தேன் உள்ள பகுதியை மட்டும் அறுத்துத் துணியில் வடியவிட்டால் தெளிவான தேன் கிடைக்கும், புழுக்களும் பிழைக்கும்.

இதை அவர்களுக்கு நாங்கள் கற்றுத்தரவில்லை. புகை போட்டு, கொடி ஏணியில் பாறையில் இறங்குபவர்களுக்குத் தெரியாத தேனடையா? ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "புழுவை விட்டுட்டு வந்தா எடை குறையுது சார். குறையுற எடைக்குக் காசு யாரு தருவா?" பிழிந்த தேனுக்கும் வடித்த தேனுக்கும் வியாபாரி ஒரே விலைதான் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே கொள்முதல் இடத்தில் ஈரப்பதம் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றை வைத்தோம். சட்டப்படி தேனில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வடித்த தேனுக்குத் தனி விலை, அன்றைக்கே ரொக்கம். அடுத்த பருவத்தில் அதே பெரியவர் கண்ணாடியில் ஒரு துளி விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் அளவு பார்த்துக்கொண்டிருந்தார். காட்டைக் காப்பாற்றுங்கள் என்று அவரிடம் யாரும் பேசத் தேவைப்படவில்லை.

நான் மாணவனாக இருந்தபோது பூச்சி என்றாலே எந்த மருந்தை எவ்வளவு அடிப்பது என்பதுதான் பாடம். தேனீ கடைசிப் பக்கத்தில் இருக்கும், தேர்வில் வராது. உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் 75 விழுக்காட்டுக்கும் மேல், மகரந்தம் சுமக்கும் உயிரினங்களை ஓரளவாவது நம்பியிருக்கின்றன என்று 2016-இல் ஐ.நா. ஆதரவில் வந்த அறிக்கை சொல்கிறது. அந்தக் கடைசிப் பக்கத்தை நீங்களாவது முதலில் படியுங்கள்.

இது தேனுக்கு மட்டும் உரிய கதை அல்ல. 2015-16 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 6.33 கோடி சிறு, குறு, நடுத்தர நிறுவனங்கள். ஏறத்தாழ எல்லாமே குறுந்தொழில்கள்; பல வீட்டுத் திண்ணையில் நடப்பவை. அங்கே தர ஆய்வகம் ஏது? சுற்றறிக்கை அனுப்பினால் யார் படிப்பார்கள்? இயற்கைக்கு இசைந்த முறையில் செய்தால் கூடுதல் விலை, காலத்தோடு பணம், கைக்கெட்டும் பரிசோதனை: இந்த மூன்றும் இல்லாமல் அவர்களிடம் அறிவுரை மட்டும் சொல்வது நியாயமே இல்லை. கோத்தகிரியில் கீஸ்டோன் அமைப்பு தேன் எடுப்பவர்களோடு பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையையும், 2013-இல் உருவாகிப் பழங்குடியினரே பங்குதாரர்களாக இருக்கும் ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

உங்கள் ஆய்வகத்தை மாதம் ஒரு சனிக்கிழமை சிறு உற்பத்தியாளர்களுக்கு இலவசமாகத் திறந்துவிடும்படி துணைவேந்தரிடம் கேட்டிருக்கிறேன்; மேடையில் அமர்ந்தபடியே சம்மதித்துவிட்டார். பரிசோதிக்க ஆட்கள் வேண்டும். வேலைக்குச் சேரும் வரையாவது வர முடிந்தவர்கள், விழா முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.