எரித்த ஏடும் எஞ்சிய எழுத்தும்



மன்னர்களின் வரலாறு நமக்கு மனப்பாடம். விக்டோரியா மகாராணியார் முடிசூடிய கதையைப் பள்ளிச் சிறுவனும் சொல்லுவான். ஆனால், அந்த மகாராணியாரின் ஆட்சியில், நேசித்த குற்றத்திற்காகச் சிறை புகுந்தவர் யார், அச்சிறை கண்டும் அஞ்சாது எழுதியவர் யார் என்று கேளுங்கள், அவை அமைதியாகிவிடும். அந்த அமைதி தானாக வந்ததன்று. திட்டமிட்டு உண்டாக்கப்பட்டது!

1895-ஆம் ஆண்டின் தொடக்கம். இலண்டனில் இரண்டு அரங்குகளில் ஆஸ்கார் ஒயில்டின் இரண்டு நாடகங்கள். சீமான்கள் வந்தனர், சிரித்தனர், கைதட்டினர். ஏப்ரலில் அவர் கைதானார். குற்றம்? ஆணை நேசித்த ஆண் என்பது! நாடகங்கள் உடனே நிற்கவில்லை. விளம்பரத்திலிருந்து ஆசிரியர் பெயர் மட்டும் அகற்றப்பட்டது. எழுத்து வேண்டும், எழுதியவன் வேண்டாம்! மே 25-ஆம் நாள், ஈராண்டுக் கடுங்காவல். 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு அதற்குக் கருவியாயிற்று. தண்டிக்கப்பட்டவர் வெறும் வேடிக்கை எழுத்தாளரல்லர். 1891-லேயே தனியுடைமையைச் சாடி, சமதர்மத்தை ஆதரித்துக் கட்டுரை தீட்டியவர்.

அதே நாளில் வாழ்ந்த இன்னொருவரைப் பாருங்கள். எட்வர்டு கார்ப்பென்டர். கேம்பிரிட்ஜில் பதவி, திருச்சபையில் பணி, இரண்டும் இருந்தன. 1874-இல் இரண்டையும் உதறினார். வடபுலத்துத் தொழிலாளர்க்குப் பாடம் சொல்லச் சென்றார். ஷெபீல்டு நகருக்கு அருகே மில்தார்ப் சிற்றூரில் காய்கறி பயிரிட்டார், செருப்புத் தைத்தார், சமதர்மம் பேசினார். சேரியில் பிறந்த ஜார்ஜ் மெரில் என்ற தொழிலாளியோடு 1898 முதல் ஒரே இல்லத்தில் வாழ்ந்தார். ஒளிக்கவில்லை, ஓடவில்லை!

தன்பாலீர்ப்பு நோயன்று, பாவமன்று என்று அவர் எழுதிய சிறுநூல், ஒயில்டு வழக்கிற்குச் சற்று முன்னர் அச்சாயிற்று. வழக்கு வெடித்தது, பதிப்பாளர் நடுங்கினார். ஏற்றிருந்த புதிய நூலை மறுத்தார். முன்பு வெளியிட்ட நூலையும் கைவிட்டார். அந்தப் புதிய நூலை 1896-இல் அச்சிட்டது யார்? மான்செஸ்டரின் தொழிலாளர் அச்சகம்! பெரிய கடை கதவடைத்தபோது, உழைப்பாளியின் அச்சகம் கதவு திறந்தது. இதை மறவாதீர்கள்.

இந்த மனிதர்க்கும் நமக்கும் உறவில்லை என்று எண்ணவேண்டா. கேம்பிரிட்ஜில் அவருக்கு வாய்த்த நண்பர் ஈழத்தமிழர் பொன்னம்பலம் அருணாசலம்; பின்னாளில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர். அவருடைய அழைப்பின்பேரில் 1890-இல் இலங்கை வந்து, தமிழ் ஞானி ஒருவரிடம் பாடம் கேட்டு, பயணநூலும் எழுதினார் கார்ப்பென்டர்.

இத்தகையோரை ஆராயப் புகுவோன் முதலில் காண்பது சாம்பலை! ஜான் ஆடிங்டன் சைமண்ட்ஸ் என்ற அறிஞர், தம் உள்ளத்தை மறைக்காமல் தன்வரலாறு எழுதி வைத்து, 1893-இல் மறைந்தார். ஹேவ்லாக் எல்லிசுடன் அவர் எழுதிய ஆய்வுநூல் 1897-இல் ஆங்கிலத்தில் வந்தது. பொறுப்பாளர் பிரதிகளை விலைக்கு வாங்கி முடக்கினார். மறுபதிப்பில் சைமண்ட்ஸ் பெயரே இல்லை. அந்நூலை விற்றவர்மீது 1898-இல் வழக்கு. அவருடைய தாள்கள் பின்னர் நெருப்புக்கு இரையாயின. தன்வரலாறு மட்டும் தப்பியது; ஐம்பதாண்டு பூட்டு போடப்பட்டது; 1984-இல்தான் அச்சேறியது.

எரித்தவர்கள் பகைவர்களா? இல்லை, நண்பர்கள்! நற்பெயரைக் காப்பதாக எண்ணி எரித்தவர்கள். கார்ப்பென்டரையும் பழமைவாதி மட்டும் பழிக்கவில்லை. செருப்பணிந்த சமதர்மியை 1937-இல் எள்ளி நகையாடியவர், தம்மையும் சமதர்மி என்றே சொல்லிக்கொண்ட ஜார்ஜ் ஆர்வெல். கொள்கையால் ஒன்றுபட்டவனே கூச்சத்தால் தள்ளிவைத்தான். கூச்சம், தடியைவிடக் கொடிய அடக்குமுறை!

தோழர்களே, அந்த வெள்ளையன்தான் 1860-இல் நம் தண்டனைச் சட்டத்தில் 377-ஆம் பிரிவைப் புகுத்தினான். இங்கிலாந்து தன் சட்டத்தை 1967-இல் ஓரளவு திருத்திக்கொண்டது. நம்மை விட்டு அவன் போனான். அவன் சட்டம் போகவில்லை! 2018 செப்டம்பர் 6-இல்தான், ஒப்புதலோடு கூடும் வயதுவந்தோரை அது தீண்டாது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெள்ளையன் சட்டத்தை நம் பண்பாடென்று கொண்டாடியோர், எவன் பண்பாட்டைக் காத்தனர்?

நம் வீட்டில், நம் கிளையில், சொல்ல அஞ்சி வாழும் இளைஞனோ இளம்பெண்ணோ இருக்கக்கூடும். அவர்களைக் கேலி செய்யும் வாயால் சமத்துவம் பேசாதீர்கள். சுயமரியாதை, ஆள் பார்த்து அளக்கும் சரக்கன்று.

படிப்பகம் செல்லுங்கள். ஒவ்வொரு வரலாற்று நூலிலும் அகற்றப்பட்ட பெயரைத் தேடுங்கள். கார்ப்பென்டரின் தாள்கள் ஷெபீல்டு ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. அவற்றை எரிக்க எவரும் துணியவில்லை. மெரிலும் அவரும் கில்போர்டில் ஒரே கல்லறையில் உறங்குகின்றனர். சேர்ந்து வாழ்ந்தோரைச் சாவும் பிரிக்கவில்லை, நாமா பிரிப்பது?