கட்டு மாற்றும் கை

வார்டில் தள்ளுவண்டியோடு வந்து கட்டு மாற்றிவிட்டுப் போகும் செவிலியரின் வேலையைச் சில்லறை வேலையாக நினைக்கிறோம். அது பெரிய கலை.

1865இல் கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து காயமும் பட்டிருந்த 11 வயதுச் சிறுவனுக்கு, அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் தோய்த்த கட்டைப் போட்டார். அப்படிப்பட்ட கால்களை வெட்டி எடுப்பதே அன்றைய வழக்கம். சிறுவனின் கால் பிழைத்தது. புண்ணில் சீழ் தானாக ஊறுவதில்லை, கிருமி வெளியிலிருந்து வருகிறது என்று லிஸ்டர் நம்பியது சரியாயிற்று.

அந்தக் கிருமிக்கு இன்றும் பெரிய வழி நம் கைதான். நல்ல செவிலியரைக் கவனியுங்கள். மின்விசிறியை நிறுத்துவார். சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண் வரை ஒரு நிமிடமாவது தேய்த்துக் கழுவுவார். கையுறை போட்டுப் பழைய கட்டைப் பிரித்து உறையில் போட்டு மூடியதும், கையுறையைக் கழற்றி மறுபடி கை சுத்தம் செய்வார். அதன்பிறகே புதுக் கட்டைத் தொடுவார். வீட்டில் நாம் தவறவிடுவது இந்த இரண்டாவது கழுவலைத்தான். பழைய கட்டின் அழுக்கோடு புதிய காஸ் துணியைப் பிரித்தால் அத்தனை சிரத்தையும் வீண்.

காஸ் ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சலைன் விட்டு ஊறவைத்துப் பொறுமையாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிதாக வளர்ந்த தோலும் உரிந்து வரும். 'காற்றாட விடு, காயட்டும்' என்பார்கள் பெரியவர்கள். உண்மையில், காயவிட்ட புண்ணைவிட ஈரப்பதம் காத்த புண்ணில் தோல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாக மூடுவதை ஆய்வாளர் ஜார்ஜ் வின்ட்டர் 1962இலேயே பன்றிகளிடம் காட்டிவிட்டார். ஆனால் எந்தப் புண்ணுக்கு எந்தக் கட்டு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். காபித்தூளும் சுண்ணாம்பும் வேண்டவே வேண்டாம். பஞ்சை நேராகப் புண்மேல் வைக்காதீர்கள், இழை ஒட்டிக்கொள்ளும்.

சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணில்தான் எனக்குக் கவலை அதிகம். நரம்பு மரத்துப்போயிருந்தால் வலி வந்து எச்சரிக்காது. கட்டு மாற்றுகிறவரின் கண்தான் எச்சரிக்க வேண்டும். சுற்றிலும் சிவப்புப் பரவுகிறதா, சூடாக இருக்கிறதா, வாடை மாறியிருக்கிறதா, சீழ் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒன்று தெரிந்தாலும், காய்ச்சல் கண்டாலும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.