மலக்குழியைத் திறக்குமுன்



இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலே லயங்கள் பல மலைச்சரிவில் அமைந்தவை. மேல் லயத்து மலக்குழி வழிந்தால், அக்கழிவு கீழ் லயத்தார் நீர் மொள்ளும் பீலியை நோக்கியே இறங்கும்.

1916ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிதியத்தின் துணையோடு இலங்கைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்புப் பணி தொடங்கிற்று. மலங்கலந்த மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே உடலுட் புகுவது அப்புழு. அதனைத் தடுக்க மலசலகூடம் வேண்டும். ஆனால், கட்டினால் மட்டும் போதுமா? குழி நிரம்பி வழியுமுன் அதனை வெறுமையாக்கவும் வேண்டுமன்றோ?

மழை குறைந்த சனவரி, பெப்ரவரி மாதங்கள் இதற்கு உகந்தவை. பிரதேச சபைக்கு அறிவித்துக் கழிவு உறிஞ்சும் பவுசரை வரவழையுங்கள். கழிவை ஓடையில் விடலாகாது. அடியிற் சிறிது கசடு எஞ்சியிருக்கட்டும். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதிலே வாழ்கின்றன. ஆதலாற் கிருமிநாசினியைக் குழியில் ஊற்றாதீர்கள்.

யாவற்றினும் முதன்மையானது ஒன்று: குழிக்குள் எவரும் இறங்கலாகாது. அங்கே ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சுவாயு தங்கியிருக்கும். அழுகிய முட்டைபோல் நாறும் அவ்வாயு மிகுந்தால், மூக்கு மணமறியும் ஆற்றலையே இழந்துவிடும். நாற்றமில்லையென்று நம்பி இறங்கும் அண்ணன் மயங்கி வீழ்வான். அவனைத் தூக்க இறங்கும் தம்பியும் வீழ்வான். எரியும் வாயுவும் அங்குண்டு; ஆகவே விளக்கோ பீடியோ அருகில் வேண்டா.

வேலை முடிந்ததும் மூடியை இறுக மூடுங்கள். லயத்துக் குழந்தைகள் விளையாடும் இடம் அதுவே.