கிரகணம் காணும் முறை



2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பிற்பகல் 1.23 மணியளவில், சிங்கப்பூர் ஜாலான் புசார் வட்டாரத்து வானில் கதிரவன் வளையமாய்க் காட்சியளித்தான். 2031ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் பிற்பகலிலும் அத்தகைய கிரகணம் நிகழும். மதுரையில் வளையமாகவும் சிங்கப்பூரில் பிறையாகவும் தெரியும்.

கரி பூசிய கண்ணாடி, எக்ஸ்ரே படம், மஞ்சள்நீர்த் தாம்பாளம் இவற்றை நம்பி நம் பிள்ளைகள் கதிரவனை நோக்குதல் கூடாது. விழித்திரை கருகுகையில் வலி தோன்றாது. இழந்த பார்வை மீளாமலும் போகலாம். பால்மரத்தடியில் கதிரவனுக்கு முதுகு காட்டி நிற்போம். இலையிடுக்குகளின் வழியே தரையில் விழும் ஒளிப்பொட்டுகள் யாவும் பிறைகளாய்த் தோன்றும். காசு கொடுத்து வாங்க இயலாத கருவியன்றோ அது!

சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணாலேயே காணலாம். 2029 புத்தாண்டு பிறந்த நள்ளிரவில் சிங்கப்பூர் வானிலும் நிலவு செந்நிறம் பூணும். கருவுற்ற தாய்மாரை அன்று அறையில் அடைத்துப் பட்டினி போடாமல், வாசலுக்கு அழைத்து வருவோம்.