வாக்களிப்பு நிலையத்திற் கண்காணிப்பாளர்



சர்வசன வாக்குரிமை 1931ஆம் ஆண்டிலே இந்நாட்டிற்குக் கிடைத்தது. ஆயினும் வாக்குரிமை பெறுவது வேறு. இட்ட வாக்கு ஒழுங்காக எண்ணப்படுவது வேறு. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாண மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலிலே வாக்குப்பெட்டிகள் சில காணாமற் போயின. இத்தகைய குறைகளைப் பக்கஞ்சாராது கண்டு கூறுதற்கென 1987இல் பவ்ரல் அமைப்பும், 1997இல் தேர்தல் வன்முறைகளைக் கண்காணிக்கும் நிலையமும் தோன்றின.

முகவர் வேறு, கண்காணிப்பாளர் வேறு. முகவர் வேட்பாளரின் ஆள். ஆள்மாறாட்டம் செய்ய வந்தவரை ஆட்சேபிக்கும் உரிமை அவருக்குண்டு. கண்காணிப்பாளருக்கு அவ்வுரிமை இல்லை. அவர் காண்பார், குறிப்பார், அறிக்கையிடுவார். வாக்குச்சீட்டைத் தொடார், வாக்காளருக்கு யோசனை கூறார், கட்சிச் சின்னம் அணியார். தொடங்குமுன் பெட்டி வெறுமையாகக் காட்டப்பட்டதா, விரலில் மை இடப்படுகிறதா, இரகசியம் காக்கப்படுகிறதா என்பனவே அவர் நோக்குவன.

“கைகட்டி நிற்பவரால் என்ன பயன்?” எனச் சிலர் கேட்கலாம். அவர் தலையிட்டால் அவரும் ஒரு பக்கத்தவராகி விடுவார். பின்பு அவர் சொல்லை எவர் நம்புவர்?

நெடுங்கேணி போன்ற ஊரிலே வேட்பாளரின் ஆட்கள் நமக்கு மாமனும் மச்சானுமாயிருப்பர். அவர்கள் பிழையையும் எதிர்ப்பக்கத்தார் பிழையைப் போலவே எழுதுபவனே கண்காணிப்பாளன். அது இயலாதவர் முகவராயிருக்கட்டும். அதுவும் மதிப்பான பணியே. பெரியோர்களே, அவ்வாறு எழுதும் பிள்ளையை ஊரைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஏசாதிருக்கும்படி வேண்டுகிறேன்.