மேற்கே போன தண்ணீர்

பட்டம் பெறும் பிள்ளைகளே, ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களே,

பனியன் கம்பெனிகள் சூழ்ந்த இந்த வீரபாண்டியில் நின்று பொள்ளாச்சிக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன். அருட்செல்வர் நா. மகாலிங்கம். 1923இல் பிறந்தவர். கிண்டியில் பொறியியல் படித்துவிட்டு, தந்தை நாச்சிமுத்துக் கவுண்டரின் ஏ.பி.டி. பேருந்துத் தொழிலுக்கே திரும்பினார். அதன்பின் சக்தி சர்க்கரை ஆலை, கல்லூரிகள், 2007இல் பத்மபூஷண். ஆனால் எனக்கு அவர் முக்கியமாகப் படுவது தண்ணீரால்.

1952 முதல் 1967 வரை அவர் பொள்ளாச்சியின் சட்டமன்ற உறுப்பினர். ஆனைமலையில் பெய்த மழையில் பெரும்பகுதி மேற்கே இறங்கி அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கிழக்கே பல்லடம், காங்கேயம் பக்கத்துக் காடுகள் வானம் பார்த்துக் கிடந்தன. அணை கட்டி, மலையைக் குடைந்து, அந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்பும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காக விடாமல் வாதாடியவர்களில் அவரும் ஒருவர். காமராஜர், சி. சுப்பிரமணியம், வி.கே. பழனிசாமிக் கவுண்டர் என்று பலர் பாடுபட்ட திட்டம். ஒருவர் பேரில் எழுதிவைப்பது நியாயமாகாது. ஆனாலும், தொழிலில் இருந்த ஒரு மனிதர் அடுத்த தலைமுறையின் கிணற்றைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பதுதான் என்னை வணங்கவைக்கிறது. இன்றும் திருமூர்த்தி அணையிலிருந்து நான்கு பாசன மண்டலங்களுக்கு முறைவைத்து அந்தத் தண்ணீர் வருகிறது. உங்களில் சிலருடைய வீட்டுத் தென்னை அதைக் குடித்து வளர்ந்ததாக இருக்கும்.

பனியன் தொழிலில் இருக்கும் நாமோ நொய்யல் ஆற்றில் சாயத்தை விட்டோம். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியானது. கீழ்மடை விவசாயி வயல் இழந்தார். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, ஒரு தப்பும் செய்யாத தொழிலாளி கூலி இழந்தார். ஷிப்மெண்ட் தேதியைத் தாண்டி யோசிக்க நேரமில்லை என்று சொல்லிச் சொல்லியே ஓர் ஆற்றைத் தொலைத்தோம். எனக்கு அது இன்னும் ஆறாத வருத்தம்.

பிறகு பாடம் படித்தோம், உண்மைதான். இதே வீரபாண்டியின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைப் போன்றவை சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாறின. சவ்வூடு வடிகட்டித் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பையும் மீட்டு, இரண்டையும் மறுபடி சாயமேற்றவே பயன்படுத்துகிறார்கள். செலவு பிடிக்கிற வேலை. உலகத்தில் பல ஊர்கள் இன்னும் துணியாத வேலையும்கூட.

அருட்செல்வருக்கு வருவோம். நிர்வாகத்தைப் பிள்ளைகள் ஏற்ற பிறகும் அந்தப் பெரியவர் ஈசிசேரில் சாயவில்லை. ‘ஓம் சக்தி’ இதழ், தமிழ் அருள்நூல்களின் மொழிபெயர்ப்பு, நதிகளை இணைக்கவேண்டும் என்ற ஓயாத பேச்சு என்றே இருந்தார். ஆண்டுதோறும் வள்ளலார்–காந்தி விழா நடத்தினார். 2014 அக்டோபர் 2 அன்று, 91ஆம் வயதில், சென்னையில் அந்த விழாவிலேயே அவர் உயிர் பிரிந்தது.

பிள்ளைகளே, நாளை நேர்காணலுக்குப் போவீர்கள். சம்பளத்தைத் தயங்காமல் கேளுங்கள். அதோடு, “உங்கள் துணிக்கு எங்கே சாயம் போடுகிறீர்கள், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?” என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கம்பெனியில் சேருங்கள்.