ஐப்பசி மழையும் அடியார் உடம்பும்



இன்று ஐப்பசித் திங்கள் முழுமதி நன்னாள். கங்கைகொண்ட சோழபுரம் முதலாக நம்மூர்க் கோயில் ஈறாக, சிவலிங்கத் திருமேனி வடித்த அன்னத்தால் மூடப்பெற்று விளங்கும் நாள். அக்காட்சியைக் கண்டு வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். பசியே இல்லாத பெருமானுக்கு அன்னத்தைப் போர்வையாகச் சாத்தி மகிழும் நாம், பசித்தே தீரும் இவ்வுடம்பை மட்டும் ஏன் மறந்து விடுகின்றோம்? இதனையே இன்று பேச எண்ணினேன்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என முன்னோர் வகுத்தனர். வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலம். சம்பாப் பயிர் நீரில் நிற்கும். தீபாவளிக்கு வாங்கிய கடன் தலைமேல் நிற்கும். வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர்க்குக் காய்ச்சல் வரும். இத்தகைய நாள்களில் இல்லத்தரசியார் எல்லார்க்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, ஈரச் சேலையும் வெறும் வயிறுமாக அடுப்படியில் நிற்பார். கேட்டால், "எனக்கென்ன?" என்பார். நாமும் அதனைத் தியாகம் என்று புகழ்ந்து நகர்ந்து விடுகின்றோம். அடியேனுக்கு அப்புகழ்ச்சியில் உடன்பாடு இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. சில நாள் கழித்து அப்பக்கத்து ஊர் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். வேரோடு சாய்ந்த தென்னைகளின் நடுவே, கோயில் மண்டபத்தில் ஊருக்கெல்லாம் சமையல் நடந்துகொண்டிருந்தது. பரிமாறிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் மயங்கி விழுந்தார். முதல் நாள் காலை முதல் அவர் ஒன்றும் உண்ணவில்லை என்பது பின்னரே தெரிந்தது. கண் விழித்ததும், "தோப்பே போய்விட்டது, எனக்கு எதற்குச் சோறு?" என்றார். ஊர் ஊராகப் பேசித் திரியும் அடியேனுக்கு அப்போது நா எழவில்லை. அருகிருந்த முதியவர் ஒருவர்தாம், "திலகவதியார் இருந்தாரே, அம்மா" என்று மட்டும் சொல்லிக் கஞ்சிக் குவளையை நீட்டினார். அம்மையார் வாங்கிக் குடித்தார்.

திலகவதியார் இருந்த இருப்பைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே காட்டுகின்றார். தந்தையார் புகழனார் மறைந்தார். தாயார் மாதினியாரும் உடன் மறைந்தார். மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். உயிர் விடத் துணிந்த அம்மையார், தம்பியார் மருணீக்கியார் அடிவீழ்ந்து வேண்ட, அவர்பொருட்டு உயிர் தாங்கினார். தாங்கியது எவ்வாறு? திருவதிகை வீரட்டானத்திலே விடியுமுன் திருவலகிட்டார்; சாணத்தால் மெழுகினார்; மலர் கொய்து மாலை தொடுத்தார். நாள்தோறும் செய்த இச்சிறு பணிகளே அத்துயரக் கடலில் அவருக்குத் தெப்பமாயின. பின்னர்த் தம்பியார் சூலைநோயால் துடித்து வந்தபோது, திருநீறு அளிக்க ஒரு கை இருந்தது. அம்மையார் தம்மைக் காத்திராவிடில் நமக்கு நாவுக்கரசர் ஏது?

உடம்பினுள் இறைவன் கோயில் கொண்டான் என உணர்ந்தபின் அதனை ஓம்பினேன் என்றுதான் திருமூலரும் கூறுகின்றார்.

இதற்குப் பெருமுயற்சி ஒன்றும் வேண்டுவதில்லை. நனைந்து வந்தால் தலை துவட்டி உலர்ந்த உடை உடுத்துங்கள். காய்ச்சி ஆறிய நீரைப் பருகுங்கள். வேளைக்குச் சூடாக உண்ணுங்கள். மிளகுநீர் மிகவும் நன்று. விடியலில் அடுப்பு மூட்டுமுன் சிறுபொழுது அமர்ந்து ஐந்தெழுத்தை ஓதுங்கள். அப்பொழுது உங்களுக்கே உரியது. மனச்சுமையை நம்பத்தக்க ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், அடியார்களைப் பனிக்காலச் சுரம் வருத்தியபோது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஞானசம்பந்தர் இருந்துவிடவில்லை. அது நீங்கவே திருநீலகண்டப் பதிகம் பாடினார். ஆதலின் காய்ச்சல் கண்டால் திருநீறும் அணியுங்கள், மருத்துவரிடமும் செல்லுங்கள். நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் கார்த்திகைச் சோமவாரத்தில் பட்டினி கிடத்தல் வேண்டா. பாலும் பழமும் கொண்டு நோற்பதும் நோன்பே.

மணி ஒலிக்கின்றது, பிரசாதம் வருகின்றது. வழக்கமாக ஆடவர் பந்தியே முதலில் அமரும். இன்று அறங்காவலரிடம் விண்ணப்பித்து அதனை மாற்றியிருக்கின்றோம். தாய்மார்களே, முதற்பந்தி உங்களுடையது. மடைப்பள்ளிப் பக்கம் நிற்கும் சகோதரிகளையும் கையோடு அழைத்து வாருங்கள். பரிமாற நாங்கள் இருக்கின்றோம்.